மரக்கொம்பு வெட்டுகிறவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள்

குமரி மாவட்டத் தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்துப் போன பிறகு, வீட்டுப் பக்கம் நிற்கிற மரத்தைப் பார்த்தாலே நம் ஊர்க்காரர்களுக்குப் பயம். மாவோ, பலாவோ, அயனியோ, மழைக்கு முன்னால் உச்சியை மொட்டையடித்து விடுகிறார்கள். பயம் நியாயம்தான். வெட்டுகிற விதம்தான் தப்பு.

மொட்டையடித்த இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர் கிளம்பும். பட்டையின் அடியிலிருந்து வருகிற அந்தக் கொம்புகளுக்குப் பழைய கொம்பின் பிடிமானம் கிடையாது. அவை மளமளவென்று வளர்ந்து கனம் கூட, வெட்டுவாய் கீழே உளுத்துக்கொண்டு போகும். எந்தக் காற்றுக்குப் பயந்து வெட்டினோமோ, அந்தக் காற்றில் முதலில் முறிந்து ஓட்டின்மேல் விழுவது இந்தக் கொம்புகள்தான்.

பெரிய கொம்பை ஒரேயடியாக வெட்டினால், அது சரியும்போது தாய்த்தடியின் பட்டையையும் உரித்துக்கொண்டு இறங்கும். தடியிலிருந்து ஓர் அடி தள்ளி, முதலில் கீழிருந்து கொஞ்சம் அறுக்க வேண்டும். அப்புறம் அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் பாரம் போய்விடும். மிச்சக் குற்றியை, கொம்பு தடியோடு சேரும் இடத்தில் தடித்திருக்கும் வளையத்துக்கு வெளியே ஒட்டி அறுக்கலாம். காயத்தை மூடுவது அந்த வளையம்தான். அதையும் சேர்த்து வழித்தெடுத்தால் காயம் மூடாது. ஒரு சாண் குற்றியை விட்டால் அது செத்து, அழுகல் உள்ளே இறங்கும்.

காலமும் முக்கியம். முற்றின நுனியில் பூக்கிற மாவை ஐப்பசி, கார்த்திகையில் நறுக்கினால் அந்த வருடப் பூ போச்சு. காய் பறித்த கையோடு நறுக்கிவிட வேண்டும். கொய்யா புதுத்துளிரில் காய்ப்பது, தைரியமாக நறுக்கலாம். சக்கை, அதாவது பலா, காய்ப்பது தடியிலும் பெரிய கொம்புகளிலும், அவற்றைக் கழித்துவிட்டு மரத்தைக் குறை சொல்கிறோம்.

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுகிறவர்களுக்குப் பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்பது கைப்பழக்கம். அதற்கு ரப்பர் வாரியம் பயிற்சி நடத்துகிறது. வீட்டு மரத்தில் ஏறுகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. எவ்வளவு கொம்பு விழுந்தது என்று பார்த்தே நாமும் கூலி கொடுக்கிறோம்.

பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் ஊராட்சிக்கு இரண்டு பேரையாவது அழைத்து, மரத்திலேயே வெட்டிக் காட்டுங்கள். அன்றைய கூலியையும் ஆளுக்கொரு கைவாளையும் கொடுங்கள். ஜூன் மழைக்கு முன் நடத்தினால், இந்த வருடம் காய் பறித்த மாமரங்களிலேயே அவர்கள் சரியாக வெட்டத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
விளவங்கோடு வட்டத்து வீட்டுத்தோட்டக்காரர் ஒருவர்