கப்பலில் ஏற்றுவது பாதி வேலைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலை மாறி வெளிநாடு போகிறவர்கள் வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்புவது பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மூன்று கம்பெனிகளிடம் விலை கேளுங்கள், சோபாவின் மூலைகளுக்கு அட்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள் என்பதெல்லாம் சரிதான். ஆனால் கட்டுரை சென்னைத் துறைமுகத்தோடு நின்றுவிட்டது. பெட்டி போய் இறங்குகிற ஊரில் என்ன நடக்கும் என்று ஒரு வரி கூட இல்லை, பணம் கரைவது பெரும்பாலும் அங்கேதான். நான் அண்ணா நகரிலிருந்து மெல்பர்னுக்கு வேலை மாறி வந்தவள், அதனால் ஆஸ்திரேலியாவை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். கப்பலில் வீட்டுச் சாமானுக்கு எடையைப் பார்த்துப் பணம் வாங்குவதில்லை, அடைக்கிற இடத்துக்குத்தான் வாங்குகிறார்கள். சென்னையில் சாமான்களை அளந்து சர்வே எடுக்க வருகிறவர் கன அடியில் பேசுவார், பில் கன மீட்டரில் வரும் (1 கன மீட்டர் என்பது சுமார் 35 கன அடி). 20 அடி கன்டெய்னர் முழுக்கவே 33 கன மீட்டர்தான். மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று மட்டும் ஒன்றரை கன மீட்டருக்கு மேல் பிடிக்கும், உள்ளே இருப்பது வெறும் பஞ்சும் காற்றும். அதே இடத்தில் வெட் கிரைண்டர், அம்மி, வெண்கலப் பானை, பித்தளைக் குத்துவிளக்கு, இட்லிக் கொப்பரை என்று ஒரு குடித்தனத்தையே அடக்கிவிடலாம், கனமாக இருக்கிறதே என்று கூடுதலாக ஒரு பைசா கேட்கமாட்டார்கள். ஆனால் சொந்தக்காரர்கள் எல்லாரும் "கல்லைப் போய்த் தூக்கிக்கொண்டு போவாயா, சோபாவை எடுத்துப் போ" என்றுதான் சொல்வார்கள், விமானத்தில் போகிற பெட்டியின் கணக்கு மனதில் இருப்பதால்.

கிரைண்டர், மிக்ஸி இங்கே தாராளமாக ஓடும். இந்தியாவைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் வேறு. அமெரிக்கா போகிறவர்களுக்கு இது பொருந்தாது, அங்கே 120 வோல்ட். பீரோ வேண்டவே வேண்டாம், இங்கே வாடகை வீடுகளில் பெரும்பாலும் சுவரோடு சேர்ந்த அலமாரி இருக்கும். ஆனால் பிரிட்ஜ் வீட்டுக்காரர் தருவதில்லை, அதை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது மரத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியா ஒரு தீவுக் கண்டம், வெளியிலிருந்து பூச்சி வந்துவிடக் கூடாது என்பதில் மகா கறார். தேக்குக் கட்டிலோ ஊஞ்சல் பலகையோ கொண்டுவரத் தடை இல்லை. ஆனால் மரப்பட்டை ஒட்டியிருக்கக் கூடாது, மண் இருக்கக் கூடாது, பூச்சி அரித்த துளை இருக்கக் கூடாது. எங்களோடு அதே சமயத்தில் வந்த ஒரு குடும்பத்தின் பெட்டியில் பாட்டி காலத்து மணை ஒன்று, அடியில் குண்டூசி முனை அளவுக்கு நாலைந்து துளை, தட்டினால் மாவு மாதிரித் தூள் கொட்டியது. அதிகாரி அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். புகையடித்துப் பூச்சியைக் கொல்லுங்கள், அல்லது திருப்பி அனுப்புங்கள், அல்லது அழித்துவிடுகிறோம், எதைத் தேர்ந்தெடுத்தாலும் செலவு உங்களுடையது என்றார். மணையின் விலையைப் போல எத்தனையோ மடங்கு, அதுவரை கிடங்கில் இருக்கிற வாடகை வேறு. அந்த அம்மா மணையை விடவில்லை. நானாக இருந்தாலும் விட்டிருக்கமாட்டேன், ஆனால் சென்னையிலேயே வெயிலில் கவிழ்த்துப் போட்டு ஒரு தடவை பார்த்திருப்பேன்.

மர வேலைப்பாடு மட்டுமல்ல, பேக்கிங்குக்கு அடிக்கிற மரச்சட்டத்திலும் கண் இருக்கட்டும். 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் பதப்படுத்தியதற்கான முத்திரை, ஒரு கோதுமைக் கதிர் படத்தோடு, அந்தச் சட்டத்தில் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத பலகையை உள்ளூர்த் தச்சர் அடித்துக் கொடுத்தால் பெட்டி இங்கே மாட்டிக்கொள்ளும். முறம், தென்னந்துடைப்பம், கோரைப்பாய், சேறு காய்ந்த செருப்பு, பையனின் சைக்கிள் டயரில் ஒட்டிய மண் எல்லாமே அவர்கள் தேடிப் பார்க்கிற சமாச்சாரங்கள்.

சமையலறையிலிருந்து தானியம், பருப்பு, மசாலா எதையும் கப்பல் பெட்டியில் போடவே போடாதீர்கள். "இடம் மிச்சமிருக்கிறதே, அரிசியும் மல்லியும் சீரகமும் போட்டு அடைப்போம்" என்று நம் வீடுகளில் கட்டாயம் யாராவது சொல்வார்கள். கப்ரா வண்டு என்று ஒன்று, நம் நாட்டுப் பக்கத்துப் பூச்சிதான், அதன் புழு தீனியே இல்லாமல் வருடக்கணக்கில் இடுக்குகளில் கிடக்கும். அதற்குப் பயந்து 2020-லிருந்து அரிசி, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, மல்லி, சீரகம் போன்றவை தனியாக அனுப்பும் வீட்டுச் சாமான்களோடு வரக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். எதற்கு வம்பு, இங்கே இந்தியக் கடைகளில் எல்லாம் கிடைக்கிறது.

கிளம்புவதற்கு முன்னால் புது டிவி, புது டைனிங் டேபிள் என்று வாங்கிப் பெட்டியில் ஏற்றுகிறவர்களும் யோசிக்க வேண்டும். 12 மாதமாவது உங்களிடம் இருந்து நீங்கள் புழங்கிய பொருளுக்குத்தான் இங்கே வரிச் சலுகை.

நம் பக்கத்திலும் சட்டம் உண்டு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட விக்கிரகம், ஓவியம் போன்றவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப் போக 1972-ஆம் வருடச் சட்டம் அனுமதிப்பதில்லை. புதிதாக வார்த்த நடராஜராக இருந்தாலும் பழமையானது இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, சுங்கத்தில் நிற்கும்போது "சுவாமிமலையில் போன வருடம்தான் வாங்கினேன்" என்று வாயால் சொன்னால் எடுபடாது. ஈட்டி மரச் சாமான் இருந்தால் தனியாக விசாரியுங்கள், அது சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மரம்.

அப்புறம் விலைப் பட்டியல். "வீட்டு வாசல் வரை" என்று சொல்லிவிட்டு, கீழே பொடி எழுத்தில், பெட்டி இறங்குகிற துறைமுகத்தின் கட்டணம், சோதனைக் கட்டணம், மாடி ஏற்றுகிற கூலி எல்லாம் தனி என்று போட்டிருப்பார்கள். எங்களுக்குச் சென்னையில் பேசியவர் ஒருவர், இங்கே பெட்டியை வைத்திருந்தவர் வேறொருவர், இரண்டாமவர் பணம் கட்டினால்தான் சாமான் என்றார். சாமான் அவர் கையில் இருக்கும்போது என்ன வாதாட முடியும்? கம்பெனி செலவைக் கொடுக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் அது இந்த இறங்குகிற இடத்துக் கட்டணங்களையும் சேர்த்தா என்று வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் கன்டெய்னருக்குப் பதில் ரொக்கமாகத் தருகிற கம்பெனிகளும் உண்டு.

காப்பீட்டைக் கட்டுரையாளர் "விருப்பமிருந்தால்" என்று எழுதியிருக்கிறார். இதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2025 மே மாதம் கொச்சிக்கு அருகே எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியதை நாம் எல்லாரும் பார்த்தோம். மூழ்கத்தான் வேண்டும் என்பதில்லை. 2021-ல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற சரக்குக் கப்பல் சிக்கியபோது, கப்பலை மீட்ட செலவில் சரக்குக்காரர்களும் பங்கு ஏற்க வேண்டும் என்று கப்பல் முதலாளி அறிவித்தார். கடல் வாணிபத்தில் இது ரொம்பப் பழைய விதி, உங்கள் பெட்டிக்கு ஒரு கீறல் இல்லாவிட்டாலும் ஜாமீன் கட்டாமல் கையில் கிடைக்காது. நல்ல காப்பீடு இருந்தால் அவர்களே அதைப் பார்த்துக்கொள்வார்கள். இன்னொன்று, நீங்களே கட்டிய அட்டைப்பெட்டிக்குள் பீங்கான் உடைந்தால் பெரும்பாலும் காசு தரமாட்டார்கள். ஆகவே உடையக்கூடியதை அவர்கள் ஆளே கட்டட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று எந்தப் பெட்டியில் என்ன என்று எழுதுங்கள். "இதர சாமான்கள்" என்று அவர்கள் எழுத விடாதீர்கள், அப்படி எழுதிய பெட்டியைத்தான் இங்கே முதலில் திறக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

இந்த வரிசையைத் தொடர்வதாக இருந்தால் மற்ற நாடுகளுக்குப் போனவர்களையும் எழுதச் சொல்லுங்கள். ஜெர்மனியில் பல வாடகை வீடுகளில் சமையல் மேடையும் அலமாரியும் கூட இருக்காது, குடிவருகிறவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே போகிறவர் எதை ஏற்ற வேண்டும், எதை விட வேண்டும் என்ற கணக்கு என்னுடையதிலிருந்து முழுக்க வேறாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மெல்பர்ன்