இஸ்திரி அக்காவுக்கும் மத்த எல்லாருக்கும்

முதல்ல நல்ல சேதி. வெள்ளத்துல நனைஞ்ச நம்ம ஃபுட்பால் கிளப்போட ரிஜிஸ்டர் நாலும் பொழச்சிடுச்சு. ஒண்ணுல மட்டும் கடைசிப் பக்கங்கள்ல மை கரைஞ்சு நீலமா கெடக்கு, மத்தபடி உட்கார்ந்து படிக்கலாம். குரூப்ல ராத்திரி பகலா "என்னாச்சு என்னாச்சு"ன்னு கேட்டுட்டே இருந்தீங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் போட முடியல, அதான் எல்லாருக்கும் சேர்த்து இந்த மடல். மழையப் பத்தி எழுதப் போறதில்ல. வியாசர்பாடில இருக்கற நாம அத நமக்கே சொல்லிக்கணுமா என்ன, மிக்ஜாம் புயல் வந்துச்சு, போச்சு, விடுங்க.

பெரிய நன்றி யாருக்குன்னா கிரவுண்டு முக்குல வண்டி போட்டிருக்கற இஸ்திரி அக்காவுக்கு. சிரிக்காதீங்கப்பா. நமக்கும் அக்காவுக்கும் என்ன ராசின்னு ஏரியாவுக்கே தெரியும். ஷாட்டு போஸ்டுக்கு மேல போச்சுன்னா நேரா அக்கா வண்டிதான், தேய்ச்சு அடுக்கி வச்ச வெள்ளச் சட்ட மேல சேறோட பந்து விழும், அக்கா பந்தத் தூக்கி வண்டிக்கு அடியில போட்டுக்கும், நாம லைனா போய் நின்னு கெஞ்சணும், அது அதுக்கு அப்புறமும் அரை மணி நேரம் திட்டும். நம்ம ஸ்ட்ரைக்கருங்க அடிச்ச கோலவிட அக்காகிட்ட வாங்கின திட்டுதான் ஜாஸ்தி.

தண்ணி வடிஞ்சதும் ரூம்ல இருந்த டிரங்குப் பெட்டிய வெளிய இழுத்துப் போட்டுத் தொறந்தோம். உள்ள ரிஜிஸ்டர், போட்டோ, பழைய டீம் லிஸ்ட் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே கட்டியா கெடந்துச்சு. வெயில் இல்ல, கரண்ட் இல்ல. ஒருத்தன் அரிசி மூட்டைக்குள்ள வைங்கறான், ஒருத்தன் ஹேர் டிரையர்ங்கறான், எதுல சொருகறதுன்னு கேட்டா முழிக்கறான். அக்கா வந்து எட்டிப் பாத்துச்சு. "இத அப்படியே வெயில்ல போட்டா அப்பளமா சுருண்டுக்கும்டா. எம் இஸ்திரிப் பெட்டி கரியில ஓடுது, கரண்ட்டுல இல்ல. கொண்டா இங்க"ன்னுச்சு. அது வீட்லயும் தண்ணி, அதுவும் துணிமணியெல்லாம் மூட்டை கட்டிப் பரண் மேல வச்சிட்டுத்தான் வந்து நிக்குது. கரிய மட்டும் மூடி போட்ட டிரம்ல வச்சு முன்னாடியே மேல ஏத்தியிருக்கு. தொழில் தெரிஞ்சவங்க புத்தி அது.

நான் நெனச்சேன் எடுத்ததும் பெட்டிய வச்சு அழுத்தப் போகுதுன்னு. இல்ல. மொதல்ல தொடப்பத்துல இருந்து ஒரு ஈர்க்க உருவி, ஒட்டின தாளுங்களுக்கு நடுவுல ஓரத்துல இருந்து மெதுவா விட்டுப் பிரிச்சுச்சு. அப்புறம் கீழ ஒரு பழைய வேட்டித் துணி, மேல ஒண்ணு, நடுவுல ஒரே ஒரு தாளு. சாயங்காலம் கஸ்டமர் துணியெல்லாம் முடிச்சு, சாம்பலத் தட்டி, கங்கு அடங்கின பெறகுதான் நம்ம வேலைய எடுக்கும். விரல்ல தண்ணி தொட்டுப் பெட்டி அடியில தெளிக்கும், சொர்ருன்னு சத்தம் வந்தா "இன்னும் சூடு எறங்கல"ன்னு ஓரமா வச்சிடும். இழுத்துத் தேய்க்காது, வச்சு எடுக்கும், வச்சு எடுக்கும், துணி ஈரமாச்சுன்னா வேற துணி. பால்பாயிண்ட்ல எழுதினது அசையல. பழைய மைப்பேனா எழுத்துதான் கரையுதுன்னு அந்தத் தாள மட்டும் திருப்பிப் போட்டுப் பின்பக்கமா வச்சுச்சு. போட்டோவ எவ்ளோ கெஞ்சியும் தேய்க்க மாட்டேன்னுடுச்சு, பளபளன்னு இருக்கறது பெட்டியில ஒட்டிக்கும்னு, தார்ப்பாய்க்கு அடியில கயிறு கட்டி கிளிப் போட்டு மாட்டிவிட்டுச்சு. அத்தனை சாயங்காலமும் இதே கதைதான்.

பக்கத்துல நின்னு துணி மாத்திக் குடுக்கறது என் வேலை. அக்கா சும்மா இருக்குமா, "என்னடா எழுதியிருக்கு, இவ்ளோ பாடுபடறோம்"னு கேக்க, நான் படிச்சுக் காட்ட ஆரம்பிச்சேன். எலுமிச்சம்பழம், ஐஸ், இவ்ளோ. பிளாடர் மாத்தி பந்து தைக்க செருப்புத் தைக்கற தாத்தாவுக்கு இவ்ளோ. லீக் என்ட்ரி பீஸுக்கு யார் யார்கிட்ட வசூல். டீம் லிஸ்ட்டு, பக்கத்துல கையெழுத்து, சிலதுல கைநாட்டு. அங்கங்க ஒரு பேர அடிச்சுட்டு எதிர்ல "ஐ.சி.எஃப். வேலை" (பெரம்பூர் ரயில் பெட்டி ஃபேக்டரி), "ரயில்வே", "பேங்க்"னு எழுதியிருக்கும். அந்த வருஷத்தோட அந்தப் பேரு நம்ம லிஸ்ட்ல வராது.

அதுதான் நம்ம கிளப்போட சரித்திரம்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. சென்னை லீக்குன்னா சீனியர் டிவிஷன்தான் பேப்பர்ல வரும், ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க், கஸ்டம்ஸ், இன்கம் டாக்ஸ். அதுக்குக் கீழ ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டுன்னு இறங்கிட்டே போகும், அங்கதான் நாம. 1955ல பெரம்பூர்ல ஐ.சி.எஃப். வந்ததுக்கு அப்புறம் நம்ம பக்கத்துப் பையன் நல்லா ஆடினான்னா ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலைன்னு ஒரு வழி தொறந்துச்சு, பந்து ஆடறதுங்கறது வீட்ல சோறு பொங்கற விஷயமாச்சு. தெருவுல கண்டுபிடிச்சு, ஷூ வாங்கிக் குடுத்து, ரெண்டு மூணு சீசன் ஆட வச்சது கீழ் டிவிஷன் கிளப்பு, கப்பு தூக்கினது ஆபீஸ் டீமு. அக்கா இத ஒரே வரில சொல்லிடுச்சு: "அப்போ நீங்க வளத்து அனுப்புறீங்க, அவங்க கப்பு வாங்கறாங்களா? நல்லா இருக்கே கணக்கு." எனக்கு அதுல வருத்தம் இல்ல, அந்த வேலையில எத்தனையோ குடும்பம் நிமிர்ந்திருக்கு. வருத்தம் என்னன்னா அந்த மாதிரி அடிச்ச பேரு வர வர கொறஞ்சுட்டே வந்து, கடைசி ரிஜிஸ்டர்ல ஒண்ணுகூட இல்ல. ஆளெடுக்கறதக் கொறச்சாங்க, நம்ம பசங்க பைக்ல சாப்பாடு டெலிவரி பண்றானுங்க.

கிளப்புங்க காணாமப் போறதும் புதுசு இல்ல. 1946ல ஆரம்பிச்ச நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்தான் பின்னாடி சென்னை சிட்டி ஆச்சு, கோயம்புத்தூர ஹோம் கிரவுண்டா வச்சு 2018-19 சீசன்ல ஐ-லீக்ங்கற இந்திய அளவுப் போட்டில சாம்பியன். கடைசி மேட்ச்ல மினர்வா பஞ்சாப்ப 3-1ன்னு அடிச்சப்ப நாம டீக்கடைல போட்ட கூச்சல் ஞாபகம் இருக்கா? மூணு வருஷம் ஆகறதுக்குள்ள ஐ-லீக்ல அந்தப் பேரே இல்ல. சாம்பியனுக்கே அந்தக் கதின்னா நம்மள மாதிரி கிளப்புக்கு இந்த நாலு ரிஜிஸ்டரத் தவிர வேற என்ன சாட்சி, சொல்லுங்க.

ஒரு ரிஜிஸ்டரோட உள் அட்டையில பழைய பேப்பர் கட்டிங் ஒண்ணு ஒட்டியிருந்துச்சு, சைமன் சுந்தர்ராஜ் படம். 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல இந்தியாவுக்கு ஆடினவர், அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஒலிம்பிக்ஸ் ஃபுட்பால்ல இந்தியாவுக்கு கோலே கெடையாது. ஒட்டின பெரியவர் யாருன்னு தெரியல, பசை போட்டு நல்லா ஒட்டியிருக்கார், தண்ணிக்கே வரல. எதிர்ப் பக்கத்துல நம்ம வடசென்னைப் பையன் நந்தகுமார் சேகர் படத்த ஒட்டப் போறேன். 2023 ஆகஸ்ட்ல டூரண்ட் கப்ல, கொல்கத்தாவோட பரம வைரி டீமுங்க மோதற டெர்பில, அவன் ஒத்தக் கோல்லதான ஈஸ்ட் பெங்கால் நாலரை வருஷத்துக்கு அப்புறம் மோகன் பகான ஜெயிச்சுது.

மத்தவங்கள விட்டுட்டேன்னு கோச்சுக்காதீங்க. டிரங்குப் பெட்டிய வெளிய இழுத்துப் போட்ட அண்டர்-15 பசங்க, ஸ்கேன் பண்ணிக் குடுத்துட்டு காசு வாங்க மாட்டேன்னு அடம் புடிச்ச ஜெராக்ஸ் கடை தம்பி, தன்னோட பழைய ஜெர்சி செட்ட மூட்டையா அனுப்பி வச்ச எதிர் டீம் செகரட்டரி (லீக்ல பாத்துக்கறோம் சார், அதுல மாத்தமில்ல), துபாய்ல இருந்து பணம் போட்டுட்டு பேர் போடாதன்னு சொன்ன அண்ணன், ரூமக் கழுவ பினாயிலோட வந்து நின்ன அம்மாங்க, மோட்டார் எறக்கிக் குடுத்தவங்க. எல்லாருக்கும் கை எடுத்துக் கும்பிடறேன்.

அக்காவுக்குக் காசு குடுத்தேன். எண்ணிப் பாத்து கரிக்கு ஆனத மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்த பாக்கெட்லயே திணிச்சுடுச்சு. "ஒண்ணு பண்ணுடா, உங்க பந்து இந்தப் பக்கம் வராம பாத்துக்கோ, பொங்கலுக்கு நெறைய துணி வரும்"னுச்சு.

அதனால கமிட்டில பேசி முடிவு பண்ணியாச்சு. அந்தப் பக்கத்து போஸ்டுக்குப் பின்னாடி ஒசரமா வலை கட்டறோம். காசிமேட்டுல பழைய மீன் வலை சொல்லி வச்சிருக்கு, சவுக்குக் கம்பும் வந்துடும். ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு எல்லாரும் கிரவுண்டுல இருங்க. கடப்பாரை வச்சிருக்கறவங்க எடுத்துட்டு வாங்க, கிளப்புது தண்ணியோட போயிடுச்சு. வீட்ல பழைய டீம் போட்டோ இருந்தா அதையும் கொண்டாங்க, ஸ்கேன் பண்ணிட்டு அன்னைக்கே திருப்பிக் குடுத்துடறேன்.