கடிதம் எழுதிய ஒவ்வொருவருக்கும்

அன்பு நண்பர்களே,

நம் ஆசிரியர் சிறையிலிருந்து வீடு திரும்பிவிட்டார். பிணையில்தான் வந்திருக்கிறார், வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதனால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் செய்ததெல்லாம் ஒரு கட்டுரை எழுதியதுதான். வன்முறையில் இறங்கவில்லை, யாரையும் தூண்டிவிடவும் இல்லை. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 19ஆவது பிரிவில் எல்லாருக்கும் உண்டு என்று சொல்லும் கருத்துரிமைக்காக ஒருவர் சிறையில் கிடந்தார். மனசாட்சிக் கைதி என்று நாம் சொல்வது இப்படிப்பட்டவர்களைத்தான்.

1961இல் பீட்டர் பெனன்சன் என்ற வழக்கறிஞர் பத்திரிகையில் விடுத்த வேண்டுகோளிலிருந்துதான் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு பிறந்தது. ஊர் பேர் தெரியாத கைதிக்காகச் சாதாரண மக்கள் அரசுக்குக் கடிதம் எழுதும் அந்த வழியைத்தான் நாமும் பிடித்துக்கொண்டோம். கோபம் கொப்பளித்த வரிகளை அடித்துவிட்டு, 'மாண்புமிகு' என்று தொடங்கி, கைதி எண்ணைச் சரிபார்த்து, பதில் வராது என்று தெரிந்தும் மாதாமாதம் அஞ்சலில் சேர்த்தீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது!

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உங்களில் ஒருவர் அவருக்கு அனுப்பிய அட்டை, 'வேறு சிறைக்கு மாற்றப்பட்டார்' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. அவரை இடம் மாற்றியதை வீட்டாருக்குக்கூட யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கேள்வி எழுப்பினார். அப்புறம்தான் புதிய சிறையின் பெயர் வந்தது. அவரைச் சிறையில் நேரில் பார்க்க அவருடைய மனைவிக்கு அனுமதியும் கிடைத்தது. வீணாய்ப் போனது என்று அந்த நண்பர் நினைத்த அட்டை அது.

கட்டணம் வாங்காமல் வாதாடிய வழக்கறிஞர்களுக்கும், மனுக்களை இரவோடு இரவாக மொழிபெயர்த்துத் தந்தவர்களுக்கும், அஞ்சல்தலைக்குக் காசு போட்ட மாணவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. மிரட்டலுக்கு அஞ்சாமல் தன் பெயரைப் போட்டே பேட்டி கொடுத்த அவருடைய மகளுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

ஆசிரியருக்கு இப்போது சிகிச்சை நடக்கிறது. கொஞ்ச நாளைக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவரோடு கைதான இருவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். அவர்களின் கைதி எண்ணும் சிறை முகவரியும் இந்த வாரமே உங்களுக்கு வந்துசேரும். இந்த முறையும் எழுதுங்கள்.

நன்றியுடன்,
கடிதக் குழு ஒருங்கிணைப்பாளர்