அது பொம்மைத் துப்பாக்கி அல்ல, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துப்பாக்கிக் கடத்தலை வைத்து வந்திருக்கும் சின்ன பட்ஜெட் படத்துக்குத் தங்கள் சென்ற இதழில் விமர்சனம் வந்திருந்தது. படம் பிடிக்கவில்லை என்று எழுத விமர்சகருக்கு முழு உரிமை உண்டு. இரண்டாம் பாதி இழுக்கிறது என்கிறார், சரி. பின்னணி இசை காதைக் கிழிக்கிறது என்கிறார், அதுவும் சரி, எனக்கும் தலைவலி வந்தது. ஆனால், "குழாயை வெட்டிச் செய்த பொம்மைத் துப்பாக்கியைக் காட்டிப் பயமுறுத்தப் பார்க்கிறார்கள்; நிஜத் துப்பாக்கி மாதிரி ஒன்று செய்யக்கூடவா காசில்லை?" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். இதழ் வந்த அன்றிலிருந்து அந்த வரி என்னை விடவில்லை.

ஐயா, நிஜத் துப்பாக்கியே அப்படித்தான் இருக்கும். நான் காவல்துறையில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். பல வருடம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தேன். பிடிபட்ட பொருளைத் துணியில் சுற்றி, அரக்கு முத்திரை வைத்து, கோர்ட்டுக்கு அனுப்பும் வேலை என் மேஜையில்தான் நடக்கும். வடக்கே 'கட்டா' என்று சொல்லும் நாட்டுக் கைத்துப்பாக்கி அப்படி என் கைக்கு வந்திருக்கிறது. பழைய லாரி, ஜீப்பின் ஸ்டியரிங் ராடை அறுத்துத்தான் பெரும்பாலும் அதற்குக் குழல் செய்கிறார்கள். எனக்கு வந்ததில் மரப்பிடி பிளந்துபோய், கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. விசை ஆடியது. நடுவில் மடக்கினால் குழல் திறக்கும், ஒரே ஒரு தோட்டா போடலாம், சுட்டபின் காலித் தோட்டா உப்பி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். எங்கள் ஸ்டேஷனில் சைக்கிள் கம்பியை விட்டுத்தான் அதை நெம்பி எடுத்தோம். படத்தில் அந்தப் பையன் கம்பியை வைத்து நோண்டும் காட்சியைப் பார்த்தபோது, யாரோ விஷயம் தெரிந்தவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தக் காட்சியைத்தான் உங்கள் விமர்சகர் 'சிறுபிள்ளைத்தனம்' என்கிறார்.

இதே பத்திரிகை பெரிய நடிகரின் படத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கும். அதில் நாயகன் தோட்டா மாற்றாமலே மூச்சுவிடாமல் சுட்டுக்கொண்டிருப்பார். அதைப் பற்றி ஒரு சொல் வராது, 'ஸ்டைல்' என்று பாராட்டு வரும். சின்னப் படம் உண்மையைக் காட்டினால் காசில்லாதவன் என்று பெயர். இந்த வருத்தம் எனக்கு இன்று நேற்று வந்ததல்ல.

தோட்டா விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் துப்பாக்கியை விற்பவன் தோட்டாவை மட்டும் தனியாக, எண்ணி எண்ணித் தருகிறான். வாங்குகிறவன் பேரம் பேசுகிறான். இது கதையை இழுக்கச் செய்த காட்சி இல்லை. கட்டாவைக் குடிசைக்குள் உட்கார்ந்து அரம் வைத்தே செய்துவிடலாம். நல்ல தோட்டாவை அப்படிச் செய்ய முடியாது. கட்டாவோடு பிடிபடும் .315 அளவுத் தோட்டாவைத் திருப்பிப் பார்த்தால் அடியில் 'கே.எஃப்.' என்று முத்திரை இருக்கும். புனே பக்கத்துக் கட்கியில் இருக்கும் அரசுத் தொழிற்சாலையின் முத்திரை அது. லைசென்ஸ் உள்ள கடைக்கும் லைசென்ஸ்தாரருக்கும் போக வேண்டியது வழியில் கசிந்து இங்கே வருகிறது. துப்பாக்கியைத் தடுக்க வேண்டுமானால் முதலில் தோட்டாக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் ஸ்டேஷனில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். ஒரு படம் அதை வசனமே இல்லாமல் காட்டிவிட்டது. விமர்சனத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ராணுவக் கிடங்கிலிருந்து ஏ.கே.47 வெளியே வருவதாகக் காட்டுவது 'காதில் பூச்சுற்றல்' என்றும் எழுதியிருக்கிறார். 2018இல் பீகாரின் முங்கேர் மாவட்டத்தில் ஏ.கே.47 துப்பாக்கிகள் அடுத்தடுத்துப் பிடிபட்டன. கிணற்றுக்குள் இருந்துகூட எடுத்தார்கள். அவை ஜபல்பூர் ராணுவக் கிடங்கிலிருந்து வந்தவை என்று விசாரணையில் தெரியவந்து, ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கைதானார். அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்த செய்திதானே, தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. முங்கேரின் துப்பாக்கித் தொழிலும் நேற்று முளைத்ததல்ல. 1762இல் வங்க நவாப் மீர் காசிம் தலைநகரை முர்ஷிதாபாத்திலிருந்து அங்கே மாற்றி ஆயுதப் பட்டறை வைத்ததிலிருந்து வருவது. அந்தக் கைத்திறனுக்கு நேர்மையான பிழைப்பு இல்லாமல் போனதைப் படம் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போகிறது. அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது.

விமர்சகரின் இன்னொரு குறை, விற்றவன் யார் என்று சொல்லாமலே படம் முடிந்து ஏமாற்றுகிறதாம். அவரை ஒரு நாள் ஏதாவது ஒரு ஸ்டேஷனுக்கு அழைத்துப் போங்கள். ஒப்புதல் வாக்குமூலங்களை எடுத்துப் பார்க்கட்டும். 'வடமாநிலத்தைச் சேர்ந்த, பெயர் விலாசம் தெரியாத நபரிடம் வாங்கினேன்' என்றுதான் பலவற்றில் இருக்கும். அதற்கு மேல் போக வேண்டுமானால் நான்கு பேரை ரயிலேற்ற வேண்டும். பாஷை தெரியாது, உள்ளூர் போலீஸ் துணைக்கு வந்தால்தான் உண்டு. போனவர்களின் பயணப்படி பில் எப்போது பாஸாகும் என்று யாருக்கும் தெரியாது. சில சமயம் கையிலிருந்து போட்டுத்தான் போவோம். திரும்பி வந்து, துப்பாக்கியைச் சோதித்துத் தரும் பாலிஸ்டிக் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்து, ஆயுதச் சட்டம் 39ஆம் பிரிவின்படி கலெக்டரிடம் அனுமதி வாங்கினால்தான் கள்ளத் துப்பாக்கி வைத்திருந்ததற்கு வழக்கு நடத்த முடியும். 2019இல் சட்டத்தைத் திருத்தி, தயாரிப்பவனுக்கும் விற்பவனுக்கும் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் என்று ஆக்கினார்கள். நல்லதுதான். ஆனால் விற்றவன் கையில் கிடைத்தால்தானே தண்டனை? பத்திரிகையில் 'தனிப்படை விரைந்தது' என்று ஒரு வரி வரும். விரைந்தவர்கள் என்ன ஆனார்கள், எதோடு திரும்பினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. இந்தப் படம் கேட்டிருக்கிறது.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தை அவர் வீட்டுக்குள் புகுந்து சுட்டுக் கொன்றார்கள். வடக்கிலிருந்து வந்த கும்பல். அந்த நாட்களில் நெடுஞ்சாலையோரம் தனி வீடுகளில் இருந்தவர்கள் தூங்கவில்லை, நாங்களும் தூங்கவில்லை. 2020 ஜனவரி 8ஆம் தேதி இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த வில்சனைச் சுட்டார்கள். என்னைப் போல அவரும் சிறப்பு உதவி ஆய்வாளர். அந்தத் துப்பாக்கியை எர்ணாகுளம் பஸ் நிலையம் பக்கம் ஓடையிலிருந்து எடுத்தார்கள். சாவடியில் நிற்பவர் கையில் லத்தியும் டார்ச்சும்தான் பல நேரம் இருக்கும். எதிரே வண்டியை நிறுத்துகிறவன் இடுப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் விளக்கடித்துப் பார்ப்போம். அப்படி நின்றவனுக்கு அந்தக் குழாய்த் துண்டு பொம்மையாகத் தெரியாது, ஐயா.

நான் முன்பும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பறவை சுடும் ஏர்கன் இரண்டைப் பிடித்ததற்குத் தங்கள் பத்திரிகை 'பயங்கர ஆயுதங்கள் சிக்கின' என்று தலைப்புப் போட்டிருந்தது. ஏர்கன்னுக்கும் நிஜத் துப்பாக்கிக்கும் வித்தியாசம் சொல்லி, படம்கூட வரைந்து அனுப்பினேன். பதில் இல்லை. ஏர்கன் பயங்கர ஆயுதம், கட்டா பொம்மை என்று வாசகர் மனதில் பதிந்துவிட்டால் அது யாருக்கு நல்லது? வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தாலும் பையன் விளையாட்டுச் சாமான் என்று விட்டுவிடுவார்கள்.

படத்தின் இயக்குநரை எனக்குத் தெரியாது, அவர் கம்பெனியில் எனக்கு வேண்டியவர்களும் யாருமில்லை. டிக்கெட் வாங்கித்தான் பார்த்தேன். எங்கள் ஊர்த் தியேட்டரில் காலைக் காட்சி மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை வேறு படம் வருகிறதாம்.

நான் கேட்பது இரண்டுதான். அந்தத் துப்பாக்கி வரிக்கு அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள், விமர்சகரின் பெயரைக்கூடப் போட வேண்டாம். அப்புறம், துப்பாக்கி பிடிபட்ட செய்தி வரும்போது அது என்ன வகை, தோட்டா எங்கே செய்தது என்று கேட்டு எழுதும்படி தங்கள் நிருபர்களிடம் சொல்லுங்கள். ஸ்டேஷன் ரைட்டரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்,
திருவள்ளூர் மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)