ஸ்டவர்ஹெட்டில் எங்களுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவர் பெயரும் எங்களுக்குத் தெரியாது. உதவிவிட்டு, நன்றியைக்கூட முழுதாக வாங்கிக்கொள்ளாமல் உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டீர்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம், இந்த நன்றியில் பாதிக்குமேல் என் அப்பாவும் அம்மாவும் சொல்லச் சொல்ல எழுதியது.

அப்பா பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர். கைத்தடி இல்லாமல் வெளியே இறங்குவதில்லை. அக்டோபர் கடைசியில் இங்கிலாந்துக்கு வந்திருந்த அவர்களை, இலை சிவக்கும் காலத்தில் வில்ட்ஷயரில் இருக்கும் ஸ்டவர்ஹெட் தோட்டத்தைக் காட்ட அழைத்துப் போனேன். அந்தக் காலோடு அவரால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்ற கவலை எனக்கு இருந்தது. அவர் நடந்தார் என்றால் அது உங்களால்தான்.

முதல் நன்றி, நுழைவாயிலில் இருந்த அந்தத் தொண்டர் அம்மாவுக்கு. டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன்பே அப்பாவின் கைத்தடியைப் பார்த்தார். வரைபடத்தை விரித்துப் பேனாவால் குறித்துக் கொடுத்தார்: இங்கே படி, இங்கே ஏற்றம், மழை பெய்தால் இந்த இடம் வழுக்கும், இங்கே உட்கார பெஞ்சு. ஏரியைச் சுற்றும் பாதை ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான். ஆனால் தோட்டத்தில் கிரேக்கத் தெய்வத்தின் பெயரில் கட்டிய அப்பல்லோ கோயில் இருக்கும் மேட்டுக்கு ஏறும் வழி செங்குத்து. அதை விட்டுவிட்டுக் கீழேயே போனால் நஷ்டமில்லை, ஏரிக்கு எதிர்க்கரையிலிருந்து பார்க்கும்போதுதான் அந்தக் கோயில் அழகு என்றும் சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

ஸ்டவர்ஹெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கேள்விப்படாதவர்களுக்காக. லண்டனில் 1672 முதல் வங்கி நடத்திவரும் ஹோர் குடும்பம் 1717ல் இந்த எஸ்டேட்டை வாங்கியது. பழைய மாளிகையை இடித்துவிட்டுப் புதியது கட்டினார் முதல் ஹென்றி ஹோர். அவருடைய மகன் இரண்டாம் ஹென்றி, 1740களில் தொடங்கி நாற்பது ஆண்டுகள்போலத் தோட்டத்தை உருவாக்கினார். பள்ளத்தாக்கில் ஓடிய தண்ணீரைத் தடுத்து ஏரியாக்கி, அதைச் சுற்றி மரங்கள், ரோமாபுரி பாணிக் கோயில்கள், ஒரு குகை, ஒரு பாலம் என்று ஒவ்வொன்றாக வைத்தார். எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்தவர் அவர். ஒரு வளைவில் திரும்பினால் தூண்கள் வைத்த பாந்தியன் என்ற கோயில் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும்; நாலடி நடந்தால் மரம் மறைத்துவிடும்.

குகைக்குள் இறங்கும்போது அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்ட இளைஞருக்கு அடுத்த நன்றி. தரை ஈரமாக இருந்தது, வெளிச்சமும் குறைவு. உள்ளே தூங்கும் நீர்த்தேவதையின் சிலை. அதைச் சுற்றி ஊற்றுத் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் ஆற்றின் தெய்வமாக ஒரு கிழவர். ஸ்டவர் ஆறு இந்தப் பள்ளத்தாக்கின் ஊற்றுகளிலிருந்துதான் புறப்பட்டு, டோர்செட் வழியாக ஓடித் தெற்கே கடலில் சேர்கிறது. அப்பா குனிந்து அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இளைஞர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் எழுந்து நிற்கும்வரை கையை விடாமல் காத்திருந்தார். அம்மா அதைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஏரியின் தென்கோடியில் நின்று இலை அள்ளிக்கொண்டிருந்த தோட்டக்காரருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. அதுவரை அழகாக இருக்கிறது, அழகாக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு வந்த அப்பா, அங்கே சட்டென்று நின்றார். “இது கரை. மண்ணைக் கொட்டிப் போட்ட கரை. அப்போ கலிங்கு எங்கே?” என்றார். மிகைநீர் வழிய விடும் இடத்தைத்தான் கேட்டார். நான் அதை எப்படியோ ஆங்கிலத்தில் சொல்லிக் கேட்டேன். அந்த மனிதர் வாரியைச் சாய்த்து வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். இத்தனை பேர் வந்து கோயிலைப் படம் எடுக்கிறார்கள், கரையை யாரும் கேட்பதில்லை என்றார். மிகைநீர் வழிந்து அருவிபோலக் கீழே விழும் இடத்துக்கு அழைத்துப் போனார். இலையுதிர் காலத்தில் இலை வந்து அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது, கரையில் வேர் இறங்காமல் கவனிப்பது, வண்டல் சேர்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்பா பதிலுக்கு அவருடைய ஏரிகளைப் பற்றிச் சொன்னார். நடுவில் நான் மொழிபெயர்க்கத் தேவையே இல்லாமல் போய், இருவரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு அப்பாவை யாரும் இப்படித் தொழில்காரராக நடத்தி நான் பார்த்ததில்லை. ஐயா, உங்கள் நேரத்தை எங்களுக்குக் கொடுத்தீர்கள். பெரிய நன்றி.

மாளிகைக்குள் வழிகாட்டிய பெரியவருக்குத் தன் நன்றியைத் தனியாகச் சொல்லச் சொன்னார் அம்மா. 1902ல் இந்த வீட்டின் நடுப்பகுதி தீயில் எரிந்தபோது, ஓவியங்களையும் மேசை நாற்காலிகளையும் வெளியே தூக்கிப் போட்டுக் காப்பாற்றியதை அவர் சொன்னார். அப்புறம், இந்த எஸ்டேட்டுக்குக் கடைசி உரிமையாளராக இருந்த ஆறாம் பாரோனெட் (பரம்பரைப் பட்டம்) சர் ஹென்றி ஹோர், அவர் மனைவி ஆல்டா ஆகியோரின் கதை. எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டியவர்கள். அவர்களுக்கு ஒரே மகன், ஹாரி. முதல் உலகப் போரில் பாலஸ்தீனத்தில் காயப்பட்டு 1917ல் இறந்துபோனார். எடுத்து நடத்தப் பிள்ளை இல்லாத நிலையில், 1946ல் வீட்டையும் தோட்டத்தையும் பழைய வீடுகளையும் தோட்டங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு கணவன், மனைவி இருவரும் ஒரே நாளில் இறந்தார்கள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெரியவர் அவசரப்படுத்தாமல் அடுத்த கூட்டத்தை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். பார்வைக்கு மட்டும் என்று கயிறு கட்டிய நாற்காலி இல்லை, அவர் உட்காரும் நாற்காலி.

மறுநாள் ஆல்ஃப்ரட் கோபுரத்துக்கு நடந்தோம். இது தோட்டத்துக்கு வெளியே, சிக்ஸ் வெல்ஸ் பள்ளத்தாக்கு வழியாகவும் காட்டு வழியாகவும் சுமார் 4 கிலோமீட்டர். வில்ட்ஷயரில் கிளம்பி பக்கத்து மாவட்டமான சாமர்செட்டில் போய் முடியும். பள்ளத்தாக்கில் ஆடுகள், ஈரப் புல், நடுவில் பிரிஸ்டல் நகரத்திலிருந்து கொண்டுவந்து வைத்த பழைய கல் மண்டபம் ஒன்று. பிரிஸ்டல் வேண்டாமென்று கழித்த அதன் பழைய கற்சிலுவையும் தோட்டத்து வாசலருகே நிற்கிறது. ஓர் ஊர் தள்ளியதை இன்னோர் ஊர் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது.

வழியில் வேலியைத் தாண்ட மரப்படி வைத்திருந்தார்கள். அப்பாவால் ஏற முடியாது. நான் யோசித்துக்கொண்டு நிற்கையில் குவாட் பைக்கில் (நான்கு சக்கர வண்டி) வந்த விவசாயி இறங்கி, ஆடுகளுக்கான பெரிய கதவைச் சங்கிலி அவிழ்த்துத் திறந்துவிட்டார். திரும்ப அவரே பூட்டினார். உங்களுக்கும் நன்றி. இந்த நாட்டில் தனியார் நிலத்துக்குள்ளும் பொது நடைபாதை உரிமை இருக்கிறது. ஆனால் உரிமை இருந்தால் மட்டும் போதாது, முழங்கால் வலிக்காரருக்குக் கதவைத் திறந்துவிட ஆளும் வேண்டும்.

கோபுரம் முக்கோண வடிவில் செங்கல்லால் கட்டியது, ஏறக்குறைய 49 மீட்டர் உயரம். 1772ல் கட்டி முடித்தது. 878ல் படையெடுத்து வந்த டேனியரை எதிர்க்க ஆல்ஃப்ரட் மன்னர் படை திரட்டிய இடம் இதன் அருகில்தான் என்ற நம்பிக்கையில் எழுப்பியது. 1944ல் ஒரு விமானம் உச்சியில் மோதி ஐந்து பேர் இறந்தார்கள். உடைந்த உச்சியை 1986ல் சரிசெய்தார்கள். இதையெல்லாம் வாசலில் இருந்த தொண்டர் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் நான் 205 படியையும் நிம்மதியாக ஏறி இறங்க முடிந்தது.

இறங்கி வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அப்பாவின் முழங்கால் வீங்கியிருந்தது. திரும்ப அந்த 4 கிலோமீட்டரை நடக்க வழியே இல்லை. அப்போதுதான் நாயோடு வந்த தம்பதி, சேறும் ஈரமுமாக நின்ற எங்களைத் தங்கள் காரில் ஏற்றி ஸ்டவர்டன் கிராமம்வரை கொண்டுவந்து விட்டார்கள். நாய் அப்பாவின் காலடியிலேயே படுத்து வந்தது. கிராமத்து விடுதியில் அம்மாவுக்காகக் கறி சேர்க்காத சூப்பைத் தனியாகக் கேட்டுச் செய்யச் சொன்னவர்களும் நீங்கள்தான். பெட்ரோலுக்குப் பணம் கொடுக்க முயன்றபோது, தோட்டத்துக்கான உண்டியலில் போடுங்கள் என்றீர்கள். போட்டுவிட்டோம்.

தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: பெரியவர்களை அழைத்துக்கொண்டு தயங்காமல் போங்கள். வழுக்காத பூட்ஸ் அவசியம். வாசலில் இருப்பவரிடம் கால் நிலையை மறைக்காமல் சொல்லுங்கள். வயல் கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். கோபுரம் எல்லா நாளும் திறந்திருக்காது, கேட்டுக்கொண்டு போங்கள்.

பழுப்பு நிற லாப்ரடாரோடு வந்த அந்தத் தம்பதியை யாருக்காவது தெரிந்தால் இதைப் படித்துச் சொல்லுங்கள். அப்பாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பிவிட்டார்; மறுபடி காலையில் ஏரிக்கரையில் நடக்கப் போய்வருகிறார். போனில் பேசும்போதெல்லாம் அந்த நாய் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்.

நன்றியுடன்,
அப்பா, அம்மாவோடு நானும்