இல்லாத பொருளை ஏற்றலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டுக் காப்பிக்கொட்டை மாதிரியோடு கிரேக்க வணிகர் ஒருவருக்கு என் நண்பர் கிரேக்கத்தில் பெயர்த்து அனுப்பவிருந்த ஆங்கிலக் கடிதத்தில், சொல்லாத பொருளை ஏற்றிப் படிக்க வேண்டாம் என்னும் கருத்தில் 'ரீட் இன்டு' என்ற வினைத்தொடர் இருந்தது. கைப்பேசிச் செயலி அதைத் தமிழில் 'உள்ளே படிக்காதீர்கள்' என்று தந்ததைக் கண்டபோதே, அது தரும் கிரேக்கத்தையும் நம்பலாகாது என்று தோன்றியது.

கிரேக்கத்தில் 'எர்மினெவோ' என்றால் விளக்குதல், பொருள் கொள்ளுதல். பழங்கிரேக்கத்தில் மொழிபெயர்த்தலுக்கும் அதே வினை வழங்கியது. யோவான் நற்செய்தியில் 'கேபா என்பதற்குப் பேதுரு என்று அர்த்தமாம்' என வருமிடத்தில் மூலத்திலுள்ள வினை இதுதான். முன்னே 'பரா' என்ற ஒட்டைச் சேர்த்தால் 'பரெர்மினெவோ', அதாவது தவறாகப் பொருள் கொள்ளுதல். எளிதில் கைக்கு வருவதும் இச்சொல்லே. ஆனால் தவறாகப் புரிந்துகொள்வது வேறு; இல்லாததை ஏற்றுவது வேறு. பின்னதை நம் உரை மரபு (சற்றே குத்தலாக) 'வலிந்து பொருள் கொள்ளுதல்' என்கிறது. எனவே கிரேக்கத்தில் ஒற்றை வினையைத் தேடாமல், 'நாங்கள் சொல்லாததைச் சொன்னதாகக் கொள்ள வேண்டாம்' என்று முழுத்தொடராக விரித்தெழுதுவதே முறை. வணிகக் கடிதத்தில் இது இன்னும் அவசியம். தம் அறிவைக் குறை கூறுகிறார்கள் என்று வாங்குபவர் எண்ணிவிடக் கூடாதல்லவா?

வாசகர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.