பனிச்சிறுத்தைக் கட்டுரையில் விடுபட்ட மேய்ப்பர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பனிச்சிறுத்தை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கள்ளவேட்டை, தோல் வியாபாரம், எல்லை தாண்டிய கடத்தல் என்று நிறைய சொல்லியிருந்தீர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் கட்டுரை முழுக்க ஆடு மேய்ப்பவர் ஒருவர்கூட வரவில்லையே என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

டிராஃபிக் என்ற வனஉயிர் வணிகக் கண்காணிப்பு அமைப்பு 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2008க்குப் பிறகு ஆண்டுக்கு 221 முதல் 450 வரை பனிச்சிறுத்தைகள் கொல்லப்பட்டிருக்கலாம் என்பது அதன் கணிப்பு. அவற்றில் பாதிக்கும் மேல், ஆடுமாடுகளைப் பறிகொடுத்தவர்கள் ஆத்திரத்தில் கொன்றவை. விற்பதற்கென்றே வேட்டையாடப்பட்டவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆத்திரத்தில் கொன்ற பிறகு தோலை விற்றுவிடுவதும் உண்டு. அதனால் வியாபாரியைப் பிடிப்பதோடு வேலை முடிந்துவிடாது.

மேய்ப்பர் பக்கம் இருந்து பாருங்கள். லடாக்கிலும் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதியிலும் ஆடுகளை இரவில் அடைக்கும் பட்டி பெரும்பாலும் கல்சுவர்தான், மேலே கூரை இருக்காது, இருந்தாலும் ஓட்டை இருக்கும். சிறுத்தை அதற்குள் குதித்துவிட்டால் ஒரு ஆட்டோடு நிற்பதில்லை. மிரண்ட ஆடுகள் வெளியே போக வழியின்றி உள்ளேயே சுற்றிச்சுற்றி ஓட, கண்ணில் பட்டதையெல்லாம் அடித்துப் போட்டுவிடும். விடிவதற்குள் ஒரு குடும்பத்தின் மொத்த சொத்தும் போய்விடலாம். விடிந்து பார்க்கும்போது சிறுத்தை இன்னும் பட்டிக்குள்ளேயே இருந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? இத்தனைக்கும் பனிச்சிறுத்தை மனிதர்களைத் தாக்குவது மிக மிக அரிது. பிரச்சினை முழுவதும் இந்தப் பட்டியைச் சுற்றித்தான்.

இதற்குத் தீர்வு ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. பட்டியின் மேல் உறுதியான கம்பி வலைக் கூரை, இடுக்கில்லாத கதவு. லடாக்கில் பல கிராமங்களில் இப்படிச் செய்திருக்கிறார்கள். ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பாக் கிராமத்தில் வீடுகளிலேயே பயணிகளைத் தங்கவைத்து வருமானம் பார்க்கிறார்கள். ஆட்டைத் தின்ன வரும் பகையாக இருந்த சிறுத்தையைப் பார்க்கத்தான் அங்கே இப்போது வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். ஸ்பிதியின் கிப்பர் கிராமம் இன்னொரு வழியைக் காட்டியது. மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டு விலங்குகளுக்கென்று ஒதுக்கினார்கள், கால்நடைக் காப்பீட்டை ஊர்க்காரர்களே நடத்தினார்கள். அந்த நிலத்தில் பாரல் எனப்படும் நீல ஆடுகள் பெருகின. சிறுத்தையின் முக்கிய இரை அதுதான்.

இரை என்றதும் பஷ்மினாவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளாட்டிலிருந்து எடுக்கும் அந்த மென்மயிருக்கான தேவை உலகமெங்கும் கூடக்கூட, மங்கோலியா, சீனா, லடாக்கின் சாங்தாங் போன்ற இடங்களில் வெள்ளாட்டு மந்தைகள் பெருத்துவிட்டன. ஏற்கெனவே புல் அரிதான அந்த உயரத்தில் மந்தை மேய்ந்தது போக மிஞ்சுவதுதான் பாரலுக்கும் ஐபெக்ஸ் என்ற காட்டாட்டுக்கும். அவை குறைந்தால் சிறுத்தை பட்டியைத் தேடித்தான் வரும். மேய்ப்பரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. சால்வை வாங்குகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

அப்புறம் நாய்கள். இது எனக்குப் பெரிய கவலை. சுற்றுலா விடுதிகளும் ராணுவ முகாம்களும் கொட்டும் உணவுக் கழிவைத் தின்று லடாக்கிலும் ஸ்பிதியிலும் தெருநாய்கள் பெருகிவிட்டன. கூட்டமாகத் திரிந்து பாரல்களைத் துரத்துகின்றன, பட்டி ஆடுகளையும் கடிக்கின்றன, சிறுத்தை அடித்த இரையிலிருந்து அதையே விரட்டிவிடுகின்றன. பனிச்சிறுத்தையைப் படமெடுக்கப் போகிறவர்கள் தங்கும் விடுதியின் குப்பை எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டால்கூட நல்லது.

இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாக 2024 ஜனவரியில் அரசு அறிவித்தது. நாட்டில் முதல்முறையாக முறைப்படி எடுத்த கணக்கு அது. அதில் 477 லடாக்கில். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் இந்த விலங்கு சரணாலயத்துக்குள் மட்டும் வாழ்வதில்லை. அதன் வாழிடத்தில் பெரும்பகுதி மக்கள் ஆடு மேய்க்கும் மலைகள். அங்கே காவலர்களை நிறுத்தி எத்தனை பள்ளத்தாக்கைக் காக்க முடியும்? அதே பணத்தில் கொஞ்சம் கம்பி வலைக்கும், தாமதமில்லாத இழப்பீட்டுக்கும், நாய்களுக்கான கருத்தடைக்கும் போகட்டும்.

அக்டோபர் 23 சர்வதேசப் பனிச்சிறுத்தை நாள். அந்த நாளையொட்டி மறுபடியும் கட்டுரை போடுவீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது கிப்பரிலோ ரும்பாக்கிலோ ஆடு வைத்திருக்கும் ஒருவரின் பேட்டியையும் சேர்த்து வெளியிடுங்கள். பட்டிக்குக் கூரை வந்ததா, போன ஆட்டுக்குப் பணம் வந்ததா, எத்தனை மாதம் ஆனது என்று அவரிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்